மாமியார் கேட்டாலும் கேஸ் ஷீட் தர மாட்டோம்

மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: நோயாளியின் ரகசியத்தைத் தேடி வருபவர்களில் உறவினர்களே அதிகம். "நான் அவள் மாமியார், எனக்குத் தெரியக்கூடாதா?" என்று ஒருவர். விடுப்புக் கடிதத்தில் இருப்பது உண்மையான நோய்தானா என்று போனில் விசாரிக்கும் மேலாளர் இன்னொருவர். எல்லோரும் உரிமையோடுதான் கேட்கிறார்கள்.

இந்தியாவில் உடல்நலத் தகவல்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டதோடு சரி. பாதுகாப்பு பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது.

அந்த மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் கருக்கலைப்பு செய்துகொண்டாளா என்பதுதான் அவருடைய கேள்வி. 18 வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டும் அதற்குப் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பின், அவளது பெயரையும் விவரங்களையும் சட்டப்படி அதிகாரம் பெறாத ஒருவருக்கு வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "அப்படி யாரும் இங்கே வரவில்லை" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. வந்தாரா இல்லையா என்பதையே சொல்வதில்லை என்பதுதான் எங்கள் பதில். மகப்பேறு பிரிவுக்கு எந்தத் தேதியில் வந்தார் என்பது தெரிந்தாலே மிச்சத்தை ஊகித்துவிடுவார்கள்.

எச்.ஐ.வி. சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சிகிச்சை அளிக்கும் இன்னொரு மருத்துவருக்குத் தேவையிருந்தால் தகவலைச் சொல்லலாம். கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதி, தள்ளுவண்டியில் வார்டு முழுக்கச் சுற்றவிடுவது அதில் சேராது. "மனைவிக்குச் சொல்ல வேண்டாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சொல்லலாம், ஆனால் மருத்துவரோ ஆலோசகரோதான் சொல்ல வேண்டும். துணைக்குத் தொற்றும் ஆபத்து உண்மையாகவே இருக்க வேண்டும். நோயாளிக்கு ஆலோசனை தந்தும் அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தாம் சொல்லப்போவதை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடவும் வேண்டும். வன்முறைக்கு அஞ்சும் பெண்களுக்கு இதில் விலக்கு உண்டு. நம் சட்டங்களில் இவ்வளவு யோசித்து எழுதிய பிரிவுகள் குறைவு.

மனநலச் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தருவதை 2017 மனநலச் சட்டம் தடுக்கிறது.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். எனக்கு ஒரு மனத்தாங்கல்: அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குத்தான் போகிறது, தகவல் கசிந்த நோயாளிக்கு ஒரு பைசா கிடையாது. டிஜிட்டலாக மாறாத காகிதக் கோப்புகளும் இதன் வரம்புக்குள் வருவதில்லை. எங்கள் அலமாரிகள் இன்னும் காகிதத்தால்தான் நிறைந்திருக்கின்றன.

உங்கள் கோப்பு உங்களுக்கே வேண்டுமென்றால் தயங்க வேண்டாம். உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002 மருத்துவ நெறிமுறை விதிகள். எழுத்தில் கேளுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். உங்களுக்காக வேறொருவர் வருகிறார் என்றால், எந்தெந்த ஆவணங்கள் என்று குறிப்பிட்டு நீங்கள் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்தனுப்புங்கள். போன் செய்யும் மேலாளர்களிடமும் இதே கடிதத்தைத்தான் கேட்கிறோம். பெரும்பாலோர் மறுபடி அழைப்பதில்லை.