போர்டுல 'பசு'ன்னு இருந்தாலும் நாயும் பூனையும் உள்ள போகலாம்

பெங்களூரு அல்சூர்ல எங்க தெரு முனையில பூ கட்டி விக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்க கிட்ட ஒரு நாட்டு நாய், பேரு மணி. போன மழைக்காலத்துல மணி மூணு நாளா சாப்பிடல, மூக்குல லேசா ரத்தம் வேற. அக்கா பயந்து போய் பக்கத்துல இருந்த ஒரு பளபள கிளினிக்குக்கு ஆட்டோவுல தூக்கிட்டு ஓடினாங்க. ரெண்டு நாள்ல பில் பதினாலாயிரத்து சொச்சம். அதுல 'பேக்கேஜ்'னு ஒரே வரியில 9,000 ரூபா, என்ன டெஸ்ட் எடுத்தாங்கன்னு ஒரு ரிப்போர்ட் கூட கைல கொடுக்கல. கம்மலை அடகு வெச்சு கட்டினாங்க. அப்புறம் நான் கேட்டேன், ஏங்க்கா குயின்ஸ் ரோட்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கே, பஸ்ஸுல போற தூரம் தானே, அங்க போயிருக்கலாமேன்னு. அதுக்கு அவங்க சொன்ன பதில் தான் என்னை இதை எழுத வெச்சுது. "அது பசு ஆஸ்பத்திரி டா தம்பி, மாட்டுக்கு தானே?"

கன்னடத்துல பஷுன்னா மாடு மட்டும் இல்லங்க, மிருகம் எல்லாமே பஷு தான். பஷு ஆஸ்பத்ரே, பஷு சிகித்சாலயான்னு போர்டு போட்டிருக்கான், நம்மாளுங்க மூணு தலைமுறையா இந்த ஊர்ல இருந்து கன்னடம் சரளமா பேசினாலும் அந்த வார்த்தை மட்டும் காதுல தமிழ் பசுவா தான் விழுது. இந்த ஒரு எழுத்து குழப்பத்துல எத்தனை பேர் காசை இழந்திருப்பாங்கன்னு நினைச்சா எரிச்சலா வருது. போர்டுல ஒரு நாய் படம் வரைஞ்சு வெக்க எவ்ளோ ஆயிடும்?

சரி விஷயத்துக்கு வர்றேன். கர்நாடக அரசோட கால்நடை துறை நடத்துற ஆஸ்பத்திரிகள்ல நாய், பூனை எல்லாத்துக்கும் வைத்தியம் உண்டு. ரேஷன் கார்டு, வருமான சர்டிபிகேட் எல்லாம் தேவையே இல்ல, ஏழையா இருந்தா தான்னு ஒரு கண்டிஷனும் கிடையாது. சின்ன தொகைக்கு ஓபி சீட்டு, ஸ்டாக்ல இருக்க மருந்து அங்கயே, இல்லாததை வெளிய வாங்க எழுதி கொடுப்பாங்க. ஆதார் காப்பியோ போன் நம்பரோ கேட்டா கொடுத்துடுங்க, அங்க நின்னு சட்டம் பேசினா உங்க டோக்கன் தான் பின்னாடி போகும்.

பிரச்சனை எல்லாம் இதுக்கு அப்புறம் தான் ஆரம்பிக்கும்.

முதல் விஷயம், எல்லா பஷு போர்டும் ஒண்ணு இல்ல. 'பிராத்தமிக' அப்படின்னு ஆரம்பிச்சா அது ஆரம்ப நிலை சென்டர், அங்க பொதுவா கால்நடை இன்ஸ்பெக்டர் தான் இருப்பார், டிகிரி படிச்ச டாக்டர் இருக்க மாட்டார். புண்ணுக்கு மருந்து போட, பூச்சி மாத்திரை வாங்கன்னா அது போதும். ரத்தம் வர்ற நாயை அங்க தூக்கிட்டு போய் ஒரு மணி நேரம் உட்காந்திட்டு, அப்புறம் "பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போங்க"ன்னு கேட்டுக்கிட்டு வந்தவங்க எனக்கு தெரிஞ்சே ரெண்டு பேர். உள்ள போனதும் முதல் கேள்வியே இன்னைக்கு டாக்டர் இருக்காரா, எப்போ வரைக்கும் இருப்பார்னு கேளுங்க. சீரியஸ்னா நேரா குயின்ஸ் ரோடு, இல்லன்னா ஹெப்பாள் வெட்னரி காலேஜ், நடுவுல எங்கயும் நிக்காதீங்க.

ரெண்டாவது, டாக்டர் இல்லாத நாள். கவர்மென்ட் கால்நடை டாக்டருக்கு ஆஸ்பத்திரி மட்டும் வேலை இல்ல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாட்டுக்கு கோமாரி ஊசி ரவுண்டு வரும், கணக்கெடுப்பு வரும், மீட்டிங் வரும். அவங்களை குறை சொல்லல, ஆனா அதை வாசல்ல ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டலாம்ல? ஒட்ட மாட்டாங்க. கவுண்டர்ல இருக்கவர் நிமிந்து கூட பாக்காம "நாளே பன்னி", அதாவது நாளைக்கு வாங்கம்பார். தொண்ணூறுகள்ல இந்த ஊர்ல ராத்திரி கதவு தட்டுற பேய்க்கு பயந்து வீட்டுக்கு வீடு வாசல்ல 'நாளே பா'ன்னு எழுதி வெச்சாங்க, பேயும் படிச்சிட்டு நாளைக்கு வரலாம்னு திரும்பி போயிடுமாம். இப்போ பேய் நாமளா ஆயிட்டோம். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க, ரெண்டாவது நாலாவது சனிக்கிழமை அரசு லீவுங்கறதை மறக்காதீங்க, எப்பவும் காலைலயே போய் நில்லுங்க. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் போனா பாதி நாள் வேஸ்ட்.

ஹெப்பாள் பத்தி தனியா சொல்லணும். அது கவர்மென்ட் காலேஜ் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஸ்கேன், லேப், ஆபரேஷன் எல்லாம் ஒரே இடத்துல, வெளிய ஆகுற செலவுல ஒரு பகுதி தான் ஆகும். ஆனா இலவசம்னு நினைச்சு வெறும் கையோட போகாதீங்க, டெஸ்ட்டுக்கு கட்டணம் உண்டு. கூட்டம் இருக்கும், படிக்கிற பசங்க முதல்ல பாப்பாங்க, அதே கேள்வியை மூணு பேர் மூணு தடவை கேப்பாங்க, என்னைக்கு இருந்து சாப்பிடல, வாந்தி எத்தனை தடவை, கடைசி ஊசி எப்போ. கோவம் வரும், வந்தாலும் அடக்குங்க, அவங்க நிதானமா பாக்குறதுனாலயே சில விஷயம் மாட்டும். நான் ஒரு துண்டு சீட்டுல எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு போயிடுவேன், நீட்டிட்டு நிம்மதியா நிப்பேன். வாய்க்கு கட்ட ஒரு மூடியும் கெட்டியான கயிறும் கண்டிப்பா வேணும், பக்கத்துல பத்து நாய் நிக்கும், உங்க வீட்டு தங்கம் அன்னைக்கு தான் தன் குணத்தை காட்டும். பூனைன்னா கூடை, சும்மா கைல தூக்கிட்டு போனா மரத்து மேல தான் தேடணும்.

1962ன்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, நடமாடும் கால்நடை வண்டிக்கு. வாட்ஸப்ல அதை நாய்க்கான 108 மாதிரி பரப்புறாங்க, நம்பி ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன் போட்டு காத்திருந்து ஒரு குட்டியை இழந்த குடும்பம் எங்க ஏரியாலயே இருக்கு. அந்த திட்டம் முக்கியமா மாடு ஆடு வெச்சிருக்க விவசாயிகளுக்காக. கூப்பிட்டு பாருங்க தப்பில்ல, ஆனா வண்டி வரும்னு உட்காந்திராதீங்க. ராத்திரி எமர்ஜென்சிக்கு எந்த ப்ரைவேட் கிளினிக் திறந்திருக்கும்னு இன்னைக்கே விசாரிச்சு நம்பரை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க, நாய் நல்லா இருக்கப்பவே.

அடுத்து இலவச தடுப்பூசி முகாம். செப்டம்பர் 28 ரேபிஸ் தினம், ஜூலை 6 விலங்குல இருந்து பரவுற நோய்க்கான தினம், இந்த ரெண்டு தேதியை ஒட்டி பொதுவா முகாம் நடக்கும். போங்க, கண்டிப்பா போங்க. ஆனா அங்க போடுறது ரேபிஸ் ஊசி மட்டும் தான். பார்வோ, டிஸ்டெம்பர்ங்கிற நாய் நோய்களுக்கான ஊசி வேற, அது குட்டிக்கு ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு நாலு மாசம் வரை மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை போடணும். "அதான் ஊசி போட்டாச்சே"ன்னு இருந்துட்டு பார்வோ வந்து ஒரு வாரம் ட்ரிப்ஸ் ஏத்தி பத்து பதினஞ்சாயிரம் செலவு பண்றவங்க தான் ஜாஸ்தி. காசு மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல இந்த ஊசியை தான் தவற விடக்கூடாது.

ஊசி போட்டதுக்கு கார்டுல வெறும் டிக் மார்க் போட்டு கொடுத்தா வாங்காதீங்க. மருந்து குப்பில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பேட்ச் நம்பர், காலாவதி தேதியோட, அதை உரிச்சு கார்டுல ஒட்டணும், டாக்டர் கையெழுத்து, ரிஜிஸ்டர் நம்பர் சீல் வேணும். இது இல்லாத கார்டை நாய் லைசென்ஸுக்கு போனாலும் இன்ஷூரன்ஸுக்கு போனாலும் தள்ளி விட்டுருவாங்க. பெட் ஷாப்ல ஒரு பையன் வீட்டுக்கு வந்து 300 ரூபாய்க்கு போடுறான்னு கேள்விப்பட்டா அங்கயே கும்பிடு போட்டு அனுப்பிடுங்க. தடுப்பூசி 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அவன் பேண்ட் பாக்கெட்ல கொண்டு வர்றது ஊசி இல்ல, தண்ணி.

இப்போ தெரு நாய் சமாச்சாரம், இங்க தான் நம்ம ஜனங்க ரொம்ப மாட்றாங்க. தெரு நாய்க்கு கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போடுறது கார்ப்பரேஷன் பொறுப்பு, 2023 ஏபிசி (விலங்கு கருத்தடை) விதிகள் அதை தெளிவா சொல்லுது, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும்னும் சொல்லுது. வீட்டு நாய்க்கு ஓனர் பொறுப்பு. சரி, பகல்ல தெருவுல சுத்தி ராத்திரி உங்க வாசல்ல படுக்குற நாய்க்கு யார் பொறுப்பு? நம்ம மணி மாதிரி தான் இந்த ஊர் குடிசை பகுதில முக்கால்வாசி நாய்ங்க. 'எங்க நாய்'னு சொன்னா நீங்களே காசு கொடுத்து பண்ணுங்கம்பாங்க, 'தெரு நாய்'னு சொன்னா கழுத்துல பெல்ட் இருக்கேம்பாங்க. வீட்டுக்குள்ள வளர்க்கலன்னா பெல்ட்டை கழட்டிட்டு, இந்த தெருவுல இத்தனை நாய்க்கு இன்னும் கருத்தடை ஆகலன்னு கார்ப்பரேஷன் ஹெல்ப்லைன் 1533ல புகார் பதிஞ்சு நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. நாலஞ்சு வீட்டுக்காரங்க தனித்தனியா போட்டா தான் வண்டி வரும். காது நுனியில வெட்டு இருந்தா ஏற்கனவே ஆயிடுச்சுன்னு அர்த்தம். இன்னொரு கூத்து, 2025 செப்டம்பர்ல ஊருக்கே ஒரே கார்ப்பரேஷனா இருந்த பிபிஎம்பி போய் அஞ்சு கார்ப்பரேஷன் ஆயிடுச்சு. பழைய ஆபீஸ் போனா "இது இப்போ எங்களுது இல்ல"ன்னு ஒரு சுத்து, புது ஆபீஸ் போனா "பைல் இன்னும் வரல"ன்னு இன்னொரு சுத்து. புகார் நம்பர் இல்லாம எந்த ஆபீஸ் படியும் ஏறாதீங்க.

ப்ரைவேட் போய் தான் ஆகணும்னா (சில நேரம் வேற வழி இருக்காது) டாக்டரை எப்படி பாத்து எடுக்கிறது? ஏசியும் சோபாவும் பாத்து இல்ல. 1984 இந்திய கால்நடை கவுன்சில் சட்டப்படி கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண டாக்டர் தான் வைத்தியம் பாக்க முடியும், அஞ்சரை வருஷம் படிச்சிட்டு வர்றவங்க. டிப்ளமோக்காரங்க அவங்க மேற்பார்வையில சின்ன சின்ன வேலை தான் செய்யலாம். பிரிஸ்கிரிப்ஷன்ல பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேளுங்க. நல்ல டாக்டர் சிரிச்சிட்டே சொல்லுவார், மூஞ்சி மாறுதுன்னா எழுந்து வந்துடுங்க.

அப்புறம் காசை பத்தி வெக்கப்படாம பேசுங்க. நம்மாளுங்க இங்க தான் கோட்டை விடுறது, டாக்டர் கிட்ட விலை கேட்டா நாய் மேல பாசம் இல்லன்னு நினைச்சுடுவாரோன்னு. "சார், என் கிட்ட மூவாயிரம் தான் இருக்கு, இன்னைக்கே எடுக்க வேண்டிய டெஸ்ட் எது, ரெண்டு நாள் பாத்துட்டு எடுக்கக்கூடியது எது?" இந்த ஒரு கேள்வி பில்லை பாதியா குறைச்சதை நான் கண்ணால பாத்திருக்கேன். மருந்தை அங்கயே வாங்கணும்னு கட்டாயம் இல்ல, மருந்தோட கெமிக்கல் பேரை எழுதி வாங்குங்க. டிக் ஃபீவருக்கு (உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்) கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மனுஷங்க மருந்து தான், ஜன் ஔஷதி கடையில சல்லிசா கிடைக்கும், அளவு மட்டும் டாக்டர் சொல்றது. இதை படிச்சிட்டு நீங்களா எதையும் கொடுத்துடாதீங்க, காய்ச்சல்னு பூனைக்கு பாரசிட்டமால் கொடுத்தா செத்துடும், அரை மாத்திரையா இருந்தாலும்.

பில்லுல ஜிஎஸ்டி பாருங்க. கிளினிக்ல விலங்குக்கு பாக்குற வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, விலக்கு கொடுத்திருக்காங்க. கன்சல்டேஷனுக்கும் ஆபரேஷனுக்கும் மேல 18 சதவீதம் போட்டிருந்தா அந்த வரியை விரல் வெச்சு காட்டி கேளுங்க. மருந்துக்கு வரி உண்டு, குளிப்பாட்டி முடி வெட்டுற க்ரூமிங்குக்கு உண்டு, அதையும் இதையும் ஒண்ணா கலந்து 'பேக்கேஜ்' ஆக்கிடுறது தான் தந்திரம். பேக்கேஜ்ங்கிற வார்த்தை வந்தாலே பிரிச்சு எழுதி கொடுங்கன்னு நில்லுங்க.

ஏமாந்தாச்சுன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல நீங்க கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கேஸ் போட கட்டணமே இல்ல. டாக்டரோட நடத்தை மேல புகார்னா கர்நாடகா வெட்னரி கவுன்சிலுக்கு எழுதணும். ஆனா எல்லா இடத்துலயும் முதல் கேள்வி பில் எங்க, ரிப்போர்ட் எங்கன்னு தான். பூக்கார அக்கா கிட்ட இருந்தது அந்த ஒரே வரி பில்லு மட்டும், அதுவும் பூக்கூடைல நனைஞ்சு பாதி அழிஞ்சு போயிருந்துது. 1915ல பதிஞ்சு வெச்சோம், கிளினிக்காரங்க இன்னும் ரிப்போர்ட்டை தேடிக்கிட்டு இருக்காங்களாம்.

மணிக்கு இந்த வருஷ ரேபிஸ் ஊசி குயின்ஸ் ரோட்ல போட்டோம். அக்கா இப்போ கார்டு, சீட்டு எல்லாத்தையும் ஒரு அரிசி மூட்டை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி சாமி படத்துக்கு பின்னாடி வெச்சிருக்காங்க. மொத்த செலவுல ஆட்டோ காசு தான் ஜாஸ்தி, நாய் ஏறுதுன்னு அவன் அம்பது ரூபா சேத்து வாங்கிட்டான்.