நோகாத புண்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு ஆசுபத்திரியில் பொது வைத்திய நிபுணராக இருக்கிறேன். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கிளினிக் வருபவர்களிடம் இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை வாங்க முதல் "செருப்பைக் கழற்றுங்க, காலைப் பார்ப்பம்" என்றுதான் சொல்கிறேன்.

முன்பு அப்படியில்லை. ஒரு வேளாண்மை வெட்டுக் காலம். மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பிய ஒரு அம்மாவின் சேலைக் கரையில் சீழ் பட்டிருந்ததை நர்ஸ்தான் கண்டார். பெருவிரலுக்கு அடியில் ஆழமான புண், உள்ளே ஒடிந்த முள்ளு. "நோகவே இல்லையே டொக்டர், அதான் சொல்லல்ல" என்றார். நகரத்து ஆசுபத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எப்படிப் போவார், யார் கூட்டிப் போவார் என்று நான் கேட்கவில்லை. வெட்டு முடியட்டும் என்று அவர் இருந்துவிட்டார், மூன்று கிழமையில் விரல் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. கடிதத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தது என் பிழை.

சீனி பல வருசம் கூடி நின்றால் பாதத்து நரம்புகள் பழுதாகி உணர்வு குறையும், இரத்தக் குழாயும் ஒடுங்கும். முள்ளுக் குத்தினாலும் தெரியாது, புண் வந்தால் லேசில் ஆறாது. நோகாத புண்ணுக்குத்தான் நான் கூடப் பயப்படுகிறேன்.

கதிர்காமப் பாதயாத்திரைக் காலம் வந்தால் இந்தப் பயம் இன்னும் கூடும். உகந்தை தாண்டி, குமண, யால காட்டு வழியே எத்தனையோ பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நேர்த்தி வைத்தவரைப் போகாதீங்க என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சீனி இருந்தால் புறப்பட ஒரு மாதம் முதலே வந்து காலைக் காட்டுங்க. மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைப் பார்ப்போம், ஐந்து நிமிச வேலை. உணர்வு குறைந்திருந்தால் பிடியுள்ள செருப்போடு நடங்க. புண் இருந்தால் இந்த வருசம் வேண்டாம், முருகன் பொறுப்பார்.

வீட்டில் படுக்க முதல் பாதத்தின் அடியைப் பாருங்க, குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் காட்டுங்க. கால் ஆணியை பிளேட்டால் சீவ வேண்டாம், சுடுதண்ணியில் கால் வைக்க வேண்டாம், புண்ணில் சாம்பல் பூச வேண்டாம்.

2014 இல் வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் திறந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் பெரிய உதவிதான். என்றாலும் உள்ளூர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் அன்றைய நாளே போய்விடும். அதனால் கடிதம் எழுதும்போதே எந்த பஸ், யார் கூட வருவது என்று கேட்டு, வீட்டு போன் நம்பரையும் எழுதி வைக்கிறேன். போக வழியில்லை என்றால் வெட்கப்படாமல் அங்கேயே சொல்லுங்க. கால் கறுத்தால், மணத்தால், காய்ச்சலும் சேர்ந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வாங்க. வாகனம் இல்லையென்றால் 1990 என்ற நம்பருக்கு எடுங்க, அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.