ஸ்கேன் பண்ணியாச்சு, பேப்பரைப் போட்டுடலாமா?

ஈரோடு, திருப்பூர், கோவை என்று எந்த அலுவலகத்துக்கு ஆவணக் காப்பாளராகப் போனாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சுங்க, பேப்பரை எடைக்குப் போட்டுடலாமுங்களா?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பதிவறையில் கால் வைக்க இடமில்லை, கரையான் வேறு. ஆனாலும் நான் உடனே சரி என்று சொல்வதில்லை. முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கேட்பேன்.

அப்படி வாங்கிப் பார்த்த ஒன்றில் 'ஸ்கேன் 0001', 'ஸ்கேன் 0002' என்று வரிசையாக ஓடியது. ஒன்றைத் திறந்தால் ஏதோ நில ஒப்படை ஆணையின் மூன்றாம் பக்கம். முதல் இரண்டு பக்கங்கள் எங்கே, ந.க. எண் (கோப்புக்கு அலுவலகம் போடும் எண்) என்ன, எந்தக் கிராமம், ஒன்றும் தெரியவில்லை. கட்டாக இருந்தவரை நூல் எல்லாவற்றையும் கோத்து வைத்திருந்தது. மேலட்டையில் எண்ணும் ஆண்டும் இருந்தன. ஸ்கேன் செய்ய வந்தவர் நூலை அறுத்து, மேலட்டையை ஓரமாகப் போட்டுவிட்டார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் மேலட்டையை யார் பார்ப்பார்கள்?

காப்பாளர் என்றால் எதையும் கழிக்க விடமாட்டார் என்று ஒரு நினைப்பு உண்டு. கழிப்பதும் எங்கள் வேலைதான். முடிந்த கோப்புக்கு ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று முடிவு குறிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் பழையது. அந்தக் கெடு முடிந்ததா, யார் ஒப்புதல் கொடுத்தார், கழித்ததற்குப் பட்டியல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். மத்திய அரசு ஆவணங்களுக்கான 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், முறையின்றி அழிப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது. கணினியில் உருவானதும் அந்தச் சட்டத்தில் ஆவணம்தான்.

பட்டியலின் அருமை தாராபுரம், காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1979 வரை கோவை மாவட்டம், அப்புறம் பெரியார் மாவட்டம் (அதுவே பின்னால் ஈரோடு), 2009-இல் திருப்பூர். யு.டி.ஆரில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பெயர் தப்பாக ஏறிவிட்டது என்று ஒரு பெரியவர் மனுக் கொடுத்தால், அதற்கு முந்தைய அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலங்களும் உரிமையாளர் பெயர்களும் உள்ள பதிவேடு வேண்டும். அது மூன்று ஊர்களில் எங்கே தங்கியது? மாவட்டம் பிரிந்தபோது ஒப்படைப்புப் பட்டியல் ஒழுங்காக எழுதியிருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் பஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கணினிக் கோப்பில் தொல்லை வேறு மாதிரி. வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். வைரஸ் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. அழிக்காதீர்கள், யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். 2010-இல் தமிழக அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றும்போது கிரந்த எழுத்தும் குறியீடுகளும் பிசகும். அதனால் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, மூலக் கோப்பையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வைப்பதை பி.டி.எஃப்./ஏ வடிவில் சேமித்தால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

இன்னொன்று, ஹாஷ். கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரி. எஸ்.எச்.ஏ.-256 முறையில் கணக்கிட்டால் ஒரு கோப்புக்கு 64 எழுத்துகளில் ஒரு மதிப்பு வரும். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் மதிப்பு முழுக்க மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு நீதிமன்றத்துக்குத் தரும் சான்றிதழில் இந்த மதிப்பைக் குறிக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு கணக்கிடுவதைவிட ஸ்கேன் செய்த அன்றே பதிவேட்டில் எழுதி வைப்பது மேல்.

இந்த வேலைக்கு என்ன படிப்பது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பள்ளியில் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. பெரும்பாலும் வரலாறு படித்தவர்கள் வருகிறார்கள். கணினி படித்தவர்களும் வர வேண்டும் என்பது என் ஆசை. பழைய கூட்டெழுத்தையும் படிக்கத் தெரிந்து, டேட்டாபேஸையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் லேசில் கிடைப்பதில்லை.

இப்போது எனக்குப் பெரிய கவலை வாட்ஸாப். மேலதிகாரியின் உத்தரவு குரூப்பில் வருகிறது, வேலையும் நடந்துவிடுகிறது. போனை மாற்றினால் உத்தரவும் போச்சு. மின்னணு ஆவணத்தை வைத்திருப்பவர் அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, எந்த நேரம் என்ற விவரத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. இ-ஆபீஸ் (கணினியிலேயே கோப்புகளை நடத்தும் முறை) உள்ள அலுவலகத்தில் அன்றே அதை உரிய கோப்பில் இணைத்துவிடுங்கள். இல்லாத இடத்தில் அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி அச்செடுத்து, ந.க. எண் போட்டு, தன்பதிவேட்டில் (எழுத்தர் தமக்கு வரும் கடிதங்களைப் பதியும் ஏடு) ஏற்றுங்கள்.