தொய்வு மூளை வழியாகவும் வருகிறது

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றில் செத்தல் மிளகாய் வறுத்தால் படிக்கட்டு முழுக்க இருமும். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு இருமலோடு போய்விடும். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு அப்படியில்லை. நெஞ்சு இறுகும், மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும், கை பம்பைத் தேடும். இருவரும் இழுத்தது ஒரே புகையைத்தான்.

தொய்வுக்காரரின் சுவாசக்குழாய் ஏற்கெனவே அழன்று வீங்கியிருக்கிறது, அதனால் எளிதில் சுருங்குகிறது என்பது வழக்கமான விளக்கம். பிழையில்லை, ஆனால் பாதிதான். அழற்சிக்கும் சுருக்கத்துக்கும் நடுவில் நரம்பு நிற்கிறது.

சுவாசக்குழாயின் உட்சுவர் நெடுகிலும், மூளைத்தண்டிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் உணர்விழைகள் வந்து முடிகின்றன. நுரையீரல் எவ்வளவு விரிந்தது என்று சொல்பவை சில. உறுத்தலை மட்டுமே கவனிப்பவை வேறு சில. உறுத்தலை உணரும் இழைகள் பலவற்றில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பட்டதும் அது திறந்துகொள்ளும். சூட்டுக்கும் அமிலத்துக்கும் அப்படித்தான். 1997இல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிகரெட் புகையிலுள்ள அக்ரோலீன் தட்டுவது இதன் உறவுப் புரதமான டிஆர்பிஏ1ஐ.

தட்டிய செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு கட்டளைகள் புறப்படலாம். ஒன்று இருமல். மற்றது அதே வேகஸ் நரம்பின் வேறு இழைகள் வழியே திரும்பி வந்து, அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருளைச் சுரக்கச் செய்து, குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்குவது.

இந்தச் சுற்றுவழி எவ்வளவு முக்கியம் என்பதை 2014இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் சூக்கரும் சகாக்களும் சுண்டெலிகளில் காட்டினார்கள். டிஆர்பிவி1 உள்ள வேகஸ் நரம்புக்கலங்களை நீக்கிவிட்டு, எலிகளுக்கு ஒவ்வாமை உண்டாக்கினார்கள். அழற்சி வழக்கம்போல வந்தது. ஆனால் குழாய்கள் மிகையாகச் சுருங்கவில்லை. வீக்கம் இருக்கிறது, மூச்சுமுட்டு இல்லை! அழற்சி அடங்கினால்தான் முட்டு அடங்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது இடறலான முடிவு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சின் சன் என்ற ஆய்வாளரின் குழு 2024இல் இந்த வழியை மூளைக்குள்ளேயே பின்தொடர்ந்தது. அவர்கள் பயன்படுத்தியது வீட்டுத்தூசு உண்ணி. கொழும்பின் ஈரக்காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் கொழுத்து வாழும் அதே பூச்சி. அதன் சாற்றை மீண்டும் மீண்டும் சுவாசத்தில் பெற்ற எலிகளின் மூளைத்தண்டில், நோரட்ரினலின் என்ற செய்திப்பொருளைச் சுரக்கும் ஒரு சிறு நரம்புக்கலக் கூட்டம் விழித்துக்கொண்டது. நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் கலங்கள் இல்லாத எலிகளில் அந்த விழிப்பு மங்கியது. அந்தக் கூட்டத்தை அடக்கியபோது குழாயின் மிகைச்சுருக்கமும் குறைந்தது. நுரையீரல் நோய் என்று நாம் சொல்லிவரும் ஒன்றின் விசையில் ஒரு பகுதி தலைக்குள் இருந்திருக்கிறது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? 2018இல் அமெரிக்காவின் ஒரிகன் ஆய்வாளர்கள் தொய்வுக்காரர்களின் குழாய்த் திசுவைப் பார்த்தார்கள். ஒவ்வாமையில் பெருகும் ஈயோசினோபில் வெள்ளணுக்கள் அதிகமுள்ளவர்களில் உணர்விழைகள் வழக்கத்தைவிட அடர்ந்து கிளைத்திருந்தன. அதே புகை கூடுதல் இடங்களில் உறைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். தடுப்புப் பம்பைப் பாதியில் விடுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம். நீலப் பம்ப் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். நரம்பை முறுக்கேற்றும் அழற்சியைத் தணிப்பது ஸ்டீரோயிட் உள்ள மற்றப் பம்ப்.

திரும்பிவரும் கட்டளையை மறிக்கும் மருந்து ஒன்று நம் பக்கத்திலேயே பழசாக இருந்தது. தொய்வுக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை 1802இல் சென்னையிலிருந்து பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனவர் ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி. ஊமத்தையிலுள்ள அட்ரோபின், தசையில் அசிட்டைல்கோலின் வேலை செய்யவிடாது. (வீட்டில் முயல வேண்டாம், அளவு தப்பினால் உயிரை எடுக்கும் நஞ்சு.) அதன் வழிவந்த இப்ராட்ரோபியத்தைத்தான் கடுமையான தொய்வில் சல்பியூட்டமோலோடு (நீலப் பம்பில் இருக்கும் மருந்து) சேர்த்து நெபுலைசரில் போடுகிறார்கள்.

இதெல்லாம் மூளையிலிருந்து வெளியே வரும் கம்பியை மறிப்பவை. உள்ளே போகும் கம்பியையும் சேர்த்து மொத்தமாக அறுப்பதும் நடந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறுவை வைத்தியர் சிலர் வேகஸ் நரம்பையே வெட்டிப் பார்த்தார்கள். ஆனால் அதே நரம்பு இருமலையும் தருகிறது. புரையேறிய சோற்றுப் பருக்கையை வெளியே தள்ள அந்த இருமல் வேண்டும். ஆகவே இப்போதைய தேடல், மற்ற இழைகளைத் தொடாமல் மூச்சுமுட்டலை வரவழைக்கும் சில கலங்களை மட்டும் அடக்கும் மருந்துக்கானது.