பிரெஞ்சு டிகிரினா பொன்ஜூர் சொல்லக் கத்துக்கறது மட்டும் இல்ல

எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரிட்சை) ரிசல்ட் வந்து யுபியுல (மலேசியால அரசாங்க யுனிக்கு விண்ணப்பிக்கற எடம்) பிள்ளைங்க கோர்ஸ் தேர்ந்தெடுக்கற சமயத்துல என் வாட்ஸ்அப்புக்கு ஓய்வே கெடையாது. நான் சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தைல பிரெஞ்சு டியூஷன் எடுக்கறேன் (பெஸ்தாரி ஜெயானு பேரு மாத்தி ரொம்ப வருஷமாச்சு, எங்க வாயில இன்னும் பழைய பேருதான்), பகல்ல மொழிபெயர்ப்பு வேலை. எங்கப்பா பால்மரம் வெட்டினாரு, அப்புறம் செம்பனைக் குலை லோரி ஓட்டினாரு, அந்த வீட்டுலேர்ந்து போய் பிரெஞ்சுல டிகிரி முடிச்சவ நானு, அதனால இந்தப் பக்கத்துல யாரு பிள்ளைக்கு அந்த ஆசை வந்தாலும் நேரா என்கிட்டதான் அனுப்பி வைக்கறாங்க.

கேக்கறது பெரும்பாலும் ரெண்டே கேள்விதான். "டீச்சர், இத படிச்சா எம்பஸில வேலை கெடைக்குமா?" இது அப்பா அம்மா. "டீச்சர், நான் ஃபோன்ல மொழி கத்துக்கற ஆப்புல இருநூறு நாள் விடாம படிச்சிட்டேன், யுனில ஈசியாதான இருக்கும்?" இது பிள்ளை. எம்பஸில நம்ம எஸ்டேட் டவுன் பிள்ளைங்க மொத்தப் பேருக்கும் நாற்காலி போட்டு வெச்சிருக்க மாட்டாங்க, அத விடுங்க. ரெண்டாவது கேள்விதான் எனக்கு பயம், ஏன்னா பாதில விட்டுட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்த நெனப்புல போனவங்கதான்.

மொழி கத்துக்கறது வேற, மொழியில டிகிரி படிக்கறது வேற. தமிழ்ல நல்லா பேசற ஒருத்தர திடீர்னு உக்கார வெச்சு தொல்காப்பியம், குறுந்தொகை, அசை சீர் தளைனு கேட்டா எப்படி முழிப்பாரு, அதேதான் அங்கயும். முதல் வருஷம் சந்தோஷமா போகும், பேரு சொல்றது, காப்பி ஆர்டர் பண்றது, எழுபதுக்குத் தனிப் பேரே இல்லாம அறுபதும் பத்தும்னு சொல்றாங்களேனு சிரிக்கறது, தொண்ணூத்தேழுனா நாலு இருபது பதினேழுனு கணக்குப் போடறது (பெல்ஜியத்துக்காரங்களும் சுவிஸ்காரங்களும் இந்த வம்பே வேணாம்னு தொண்ணூறுக்குத் தனிப் பேரு வெச்சுக்கிட்டாங்க, புத்திசாலிங்க). அப்புறம் இலக்கியப் பாடம் வரும்போதுதான் மரத்துல மோதின மாதிரி இருக்கும்.

போன வருஷம் ரெண்டாவது வருஷம் படிக்கற ஒரு பையன் லீவுக்கு வந்தப்ப ஒரு நாவல் பக்கத்தத் தூக்கிட்டு வந்தான். "டீச்சர், இதுல இருக்கற வார்த்தை டிக்ஷ்னரிலயே இல்ல." பாத்தா அது 'ஃப்யூ'. 'இருந்தது'ங்கறதோட கதை எழுதற வடிவம். பேச்சுல யாரும் சொல்ல மாட்டாங்க, வாய்ல வராது, ஆனா நாவல் பூரா அதுதான். அதோட வேர்ச்சொல் 'எத்ர்', அந்தப் பேர்லதான் டிக்ஷ்னரில இருக்கும், 'ஃப்யூ'னு தேடினா எங்க கெடைக்கும்? பையன் ஆறு மாசமா தான் மக்குனு நெனச்சுட்டு இருந்திருக்கான். நான் அவன்கிட்ட, நீ வீட்டுல 'வந்தான்'னு சொல்ற, கம்பராமாயணத்துல 'வந்தனன்'னு வருது, உனக்கு யாராச்சும் தனியா சொல்லிக் குடுத்தாங்களா, புரியுதுல்ல, அப்படித்தாண்டா இதுவும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கத்த அவனே படிச்சு முடிச்சான்.

இத நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன், தமிழ்ப்பள்ளில ஒழுங்கா இலக்கணம் படிச்ச பிள்ளைக்கு பிரெஞ்சுல பாதி கதவு தொறந்தே இருக்கு, யாரும் அத காட்டிக் குடுக்கறதில்ல. பெரியவங்கள நீங்கனு சொல்றோம் கூட்டாளிய நீனு சொல்றோம், அங்க வூ, தூ. இங்கிலீஷ்ல அது இல்ல. மா கூட இலை சேந்தா மாவிலை, நடுவுல ஒரு வ் வந்து ஒட்டுது, உடம்படுமெய்னு படிச்சோம்ல. பிரெஞ்சுல 'ஆ' கூட 'இல்' சேந்தா 'ஆதில்', எங்கேருந்தோ ஒரு த் வந்து உக்காருது, எழுத்துலயும் ரெண்டு பக்கம் கோடு போட்டு நடுவுல அத எழுதறாங்க. மத்தவங்க இத மனப்பாடம் பண்ணுவாங்க, நம்ம பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம் போதும். இடிக்கறது ஆண்பால் பெண்பால்தான். மேசை பொம்பள, புத்தகம் ஆம்பள, சூரியன் ஆம்பள, நிலா பொம்பள. அம்புலி மாமானு சொல்லி சோறு ஊட்டி வளத்த பிள்ளைகிட்ட நிலாவ 'அவ'னு சொல்லுடானா கொஞ்சம் சிரமந்தான், அத மனப்பாடம் பண்றத தவிர வழியில்ல.

கட்டுரை எழுதறதுலதான் நெறைய பேரு விழறாங்க. எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரிட்சை) வரைக்கும் நாம கராங்கான (மலாய்க் கட்டுரைய) மனப்பாடம் பண்ணி எழுதி வந்த ஆளுங்க. அங்க ஒரு கவிதையையோ உரைநடைத் துண்டையோ குடுத்து வரிவரியா பிரிச்சு இந்த வார்த்தை ஏன் இங்க வந்துச்சு, இந்த ஓசை எதுக்குனு கேப்பாங்க, இல்லனா ஒரு கருத்தக் குடுத்து, முதல்ல அதுக்கு ஆதரவா, அப்புறம் அதுக்கு எதிரா, கடைசியில ரெண்டையும் தாண்டி மூணாவதா ஒரு எடத்துக்கு கொண்டு போனு சொல்லுவாங்க. எனக்கு முதல் கட்டுரை திரும்பி வந்தப்ப பக்கம் பூரா சிவப்பு, கீழ ஒரே ஒரு வரி, 'கேள்வி எங்கே?'னு. ஆறு பக்கம் பதில் எழுதியிருந்தேன், எந்தக் கேள்விக்குனு எழுதவே இல்ல. ஹாஸ்டல் படிக்கட்டுல உக்காந்து அழுதேன், அது வேற கதை.

ஆனா ஒண்ணு. இந்த இலக்கியம் நமக்கு சம்பந்தமில்லாத வெள்ளக்காரன் சமாச்சாரம்னு நெனக்காதீங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல தென்னமரம் எஸ்டேட்னு இருக்கு, பேரே தமிழு. மலேசியால வியாபாரத்துக்குனு முதல் முதலா செம்பனை போட்ட தோட்டம் அது, 1917-ல. போட்டவரு ஆன்றி ஃபோகோனியேனு ஒரு பிரெஞ்சுக்காரரு. அவரு எழுதின மலாயா நாவலுக்கு 1930-ல கோன்கூர் பரிசு குடுத்தாங்க, பிரான்ஸ்ல நாவலுக்குக் குடுக்கற பெரிய பரிசு அது. தோட்டத்துத் தமிழ் ஆளுங்களும் அந்தக் கதையில வர்றாங்க, ஆனா எல்லாம் தொர பங்களாலேர்ந்து பாத்த பார்வை, நான் படிச்சப்ப சில எடத்துல எனக்கு கோவம்தான் வந்துச்சு. வரட்டுமே, அந்தக் கோவத்த ஆதாரத்தோட எழுதறதுக்குத்தான் டிகிரி. அந்தப் புத்தகத்துல மலாய் பந்துன் (நாலு வரிப் பாட்டு) நெறைய வரும். பந்துன் அதுக்கு முன்னாடியே பிரான்ஸுக்கு போயிடுச்சு, விக்டர் ஹியூகோ 1829-ல வந்த தன் கவிதைப் புத்தகத்தோட குறிப்புல ஒரு பந்துனோட மொழிபெயர்ப்ப போட்டாரு, அதுலேர்ந்து 'பாந்தூம்'னு பிரெஞ்சுல ஒரு கவிதை வடிவமே வந்துச்சு, போத்லேர்ங்கற கவிஞர் கூட 1857-ல அந்த மாதிரி ஒண்ணு எழுதினாரு. என் டியூஷன்ல அத வெச்சப்ப, ஒவ்வொரு நாலு வரிப் பத்தியோட ரெண்டாவது நாலாவது வரி அடுத்த பத்தில முதலாவது மூணாவதா திரும்ப வருதே ஏன்னு கேட்டேன், பின்னால உக்காந்திருந்த புள்ள "டீச்சர், இது பந்துன் பெர்காயிட் லா"னு பட்டுனு சொன்னா (ஒண்ணோட ஒண்ணு வரியால கோத்துக்கிட்டு போற பந்துன்). பாரிஸ்ல படிக்கற பிள்ளைக்கு இத உக்காந்து விளக்கணும்.

நம்ம தாத்தாங்க கப்பல் ஏறி தோட்டத்துக்கு வந்த மாதிரி கதையும் அங்க இருக்கு. பிரான்ஸ் தன் காலனிங்கள்ல 1848-ல அடிமை முறைய எடுத்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பத்தல, பாண்டிச்சேரி, காரைக்கால்லேர்ந்து ஒப்பந்தக் கூலியா தமிழங்கள ரியூனியனுக்கும், 1850-கள்லேர்ந்து மார்த்தினிக், குவாதலூப்புக்கும் ஏத்தினாங்க. அந்தத் தீவுங்கள்ல எழுதறவங்களையும் ஆப்பிரிக்கால எழுதறவங்களையும் இப்ப பிரெஞ்சு மொழி இலக்கியம்னு பாடமா வைக்கறாங்க. செனகலோட முதல் ஜனாதிபதி செங்கோர் கவிஞர், அவர 1983-ல பிரெஞ்சு அக்காதெமிக்கே (பிரெஞ்சு மொழியக் காக்கற பெரிய சபை) தேர்ந்தெடுத்தாங்க. ரப்பர் தோட்டத்துப் பேரப்பிள்ளை கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளை எழுதினத படிக்கும்போது யாரும் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியதில்ல.

இப்ப காசு விஷயம். போன வருஷம் ஒரு அப்பா வந்தாரு, கண்ணு கலங்கி. ஒரு ஏஜென்ட் ஹோட்டல்ல செமினார் வெச்சு 'பிரான்ஸ்ல படிப்பு இலவசம், சீட்டு கன்ஃபர்ம்'னு சொல்லி டெபாசிட் வாங்கியிருக்கான், பையனுக்கு மொழி தெரியுமானு கூட கேக்கல. ஐயா, கேளுங்க. அங்க அரசாங்க யுனிவர்சிட்டில டிகிரி மூணு வருஷம், பிரெஞ்சுல நடக்கற படிப்புக்கு பொதுவா பி2 அளவு (ஆறு படில நாலாவது படி) மொழி கேப்பாங்க, ஸீரோலேர்ந்து அந்த அளவுக்கு போக ஏறக்குறைய 600 மணி நேரம் பாடம் வேணும். ஐரோப்பாவுக்கு வெளியிலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கு 2019-ல டிகிரிக்கு வருஷ ஃபீஸ் 2,770 யூரோன்னு ஆக்கினாங்க, அப்புறம் இன்னும் ஏறிடுச்சு, சில யுனிவர்சிட்டி குறைச்சுக்கறதும் உண்டு. விசாவுக்கு செலவுக் காசு மாசம் 615 யூரோ கணக்குல காட்டணும்னு வெச்சிருந்தாங்க, வருஷத்துக்கு 7,380, நம்ம காசுல 35,000 ரிங்கிட்ட ஒட்டி வரும். வேலை செய்யலாம், ஆனா வருஷத்துக்கு 964 மணி நேரம்தான். இதுல எங்க இலவசம்? அந்த டெபாசிட்டு இன்னும் திரும்பி வரல.

இங்கயே படிக்கலாம். மலாயா பல்கலைக்கழகத்துல இருக்கு, யுபிஎம்ல (புத்ரா பல்கலைக்கழகம்) இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல, ஒரு எடத்துல மொழியியல் கனமா இருக்கும், ஃபாரம் நிரப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு செமஸ்டர்லயும் என்ன பாடம்னு எறக்கி படிங்க, கோர்ஸ் பேர பாத்து முடிவு பண்ணாதீங்க. படிக்கும்போதே டெல்ஃப் (பிரெஞ்சு எவ்ளோ தெரியும்னு சர்டிபிகேட்டு குடுக்கற) பரிட்சை எழுதி வைங்க, கேக்கறது படிக்கறது எழுதறது பேசறது நாலுக்கும் 25, மொத்தம் நூத்துல 50 வாங்கினா பாஸ், ஆனா எதுலயும் 5-க்குக் கீழ போகக் கூடாது, சர்டிபிகேட்டு ஆயுசுக்கும் செல்லும்.

வேலை? கோலாலம்பூர் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிங்களோட கஸ்டமர் சர்வீஸ், அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல பிரெஞ்சு தெரிஞ்ச ஆளுக்கு சம்பளம் கொஞ்சம் கூடவே குடுக்கறாங்க, என் கூட படிச்சவங்க பாதிப் பேரு அங்கதான், ராத்திரி ஷிஃப்டு. மீதிப் பேரு வாத்தியாரு, ஹோட்டலு, என்னைய மாதிரி மொழிபெயர்ப்பு. சாதா லெட்டர் மொழிபெயர்ப்பு எல்லாம் இப்ப மிஷின் பண்ணிடுது, எனக்கு வர்றது மிஷின் கெடுத்தத சரி பண்ற வேலையும், ஒரு வார்த்தை மாறினா கேஸு ஆகற காண்ட்ராக்ட்டும்தான். அதனால பிரெஞ்சு கூட இன்னொண்ணு சேத்துக்கோங்கனு சொல்றேன், அக்கவுண்ட்ஸோ சட்டமோ டீச்சிங்கோ.

பந்துன் சொன்ன புள்ளையோட அப்பா போன வாரம் மோட்டார்ல வந்தாரு, ஹெல்மெட்ட கூட கழட்டாம கேட்டாரு, "டீச்சர், நேரா சொல்லுங்க, அனுப்பலாமா வேணாமா?" நான் அவருக்கு பதில் சொல்லல. அந்த மலாயா நாவல்லேர்ந்து நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அந்தப் புள்ளைக்கு குடுத்து, ரெண்டு வாரத்துல படிச்சிட்டு வா, புரியாத வார்த்தை எத்தனைனு எண்ணாத, எந்த எடத்துல விட்டுட்டு போகணும்னு தோணுச்சோ அங்க ஒரு கோடு போட்டு எடுத்துட்டு வானு சொல்லியிருக்கேன். வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றா.