வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது

‘ஸ்கீ என்பது வழுக்கும் கட்டை. மலைச்சரிவில் இறங்கலாம், சரி. பின்லாந்துக்காரர்கள் அதை மாட்டிக்கொண்டு சமதரையில் எப்படிப் போர் செய்தார்கள்? உதைத்தால் கால் பின்னாலேயே வழுக்காதா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. 1940 ஜனவரியில் சுவோமுஸ்ஸல்மி என்ற ஊருக்குக் கிழக்கே, ராத்தெ என்ற ஒற்றைக் காட்டுச் சாலையில் அதன் 44ஆம் டிவிஷன் லாரியும் பீரங்கியுமாக வரிசைகட்டி நின்றது. இருபுறமும் ஆழமான பனி. சாலையை விட்டு இறங்க வழியில்லை. பின்லாந்து வீரர்களுக்கோ காடு முழுவதும் சாலைதான். பக்கவாட்டில் வந்து அந்த வரிசையைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். அப்படிச் சிக்கிய துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மொட்டி’. ஒரு கன மீட்டர் விறகு அடுக்குக்கும் அதே சொல்தான்!

புதையாமல் இருப்பது எளிய கணக்கு. 80 கிலோ ஆள் ஒரு காலில் நின்றால் பூட்சுக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் போல அழுத்தம். 2 மீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்கீயில் 60 கிராம்கூட வராது.

வழுக்குவது? அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த அழுத்தத்துக்கு உருகுநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இறங்காது. உராய்வுச் சூடுதான் முக்கியக் காரணம் என்று பௌடன், ஹியூஸ் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டியது அதே 1939இல். அதற்காக சுவிஸ் மலைக் கணவாய் ஒன்றில், யுங்ஃப்ராவ்யோக்கில் சோதனை செய்தார்கள். சூட்டை எளிதில் கடத்தும் உலோக ஸ்கீயில் அந்தச் சூடு தங்காததால் அது சரியாக வழுக்கவில்லை. ‘பனியில் கட்டை இழுக்க நிதியா?’ என்று நம் ஊர்க் கமிட்டி கேட்டிருக்கும்.

இனி உதைக்கு வருவோம். இரண்டு ஸ்கீகளை அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நுனிகள் தொடும், நடுவில் இடைவெளி தெரியும். வில் போன்ற அந்த வளைவில்தான் சூட்சுமம். சறுக்கும்போது நடுப்பகுதி பனியை அழுத்துவதில்லை. உதைக்கும் கணத்தில் வில் தட்டையாகி, அங்கே பூசிய மெழுகு பனியில் பதிகிறது. பனித்துகள்களின் முனைகள் மெழுகில் குத்தி நிற்க, கட்டை அசையாது. எடையைத் தளர்த்தியதும் பிடி விட்டு மறுபடி சறுக்கும். மெழுகு பனியைவிடக் கொஞ்சம்தான் மென்மையாக இருக்க வேண்டும். அதிகம் இளகிவிட்டால் பனி கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்கீ இல்லை, செருப்புதான். பூஜ்ஜியம் டிகிரியில் விழும் புதுப்பனிக்கு மெழுகு பூசுவது இன்றைக்கும் தலைவலி. −40இலோ பிடிப்புக்குப் பஞ்சமில்லை, பனி மணல் மாதிரி ஆகிவிடும், சறுக்குவதற்குத்தான் திண்டாட்டம்.

இன்னொன்று, அந்த வீரர்களின் பூட்ஸ் முனை மேல்நோக்கி வளைந்த கொக்கி போல இருக்கும். ஸ்கீயில் இருப்பது ஒரே ஒரு தோல் வார். கொக்கியை அதில் நுழைத்தால் புறப்படலாம். சுடும் சத்தம் கேட்டால் குனியாமல், கையுறையைக் கழற்றாமல், காலை உருவிக்கொண்டு பனியில் படுத்துவிடலாம்.