சிவப்பு விளக்கு தெரியும்போது நேரம் கடந்திருக்கும்

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் ஒரு நொடியில் 83 மீட்டரைக் கடந்துவிடும். அதை நிறுத்த மூன்று கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். எவ்வளவு கூர்மையான கண்ணானாலும் அவ்வளவு தூரத்தில் இருக்கும் சிக்னலைப் பார்த்து ஓட்ட முடியாது. அதனால்தான் ஜப்பானில் 1964இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோதே, போகக்கூடிய வேகத்தை ஓட்டுநர் அறைக்குள்ளேயே காட்டினார்கள்.

ஐரோப்பாவின் ரயில் கட்டுப்பாட்டு முறையான இடிசிஎஸ் (ETCS) இன்னும் விரிவானது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பலீஸ் என்ற கருவிகளைக் கடக்கும்போது ரயிலுக்குத் தன் இடம் துல்லியமாகத் தெரியும். அடுத்த பலீஸ் வரும்வரை சக்கரச் சுழற்சி போன்றவற்றைக் கொண்டு கணித்துக்கொள்ளும். எதுவரை போகலாம், வழியில் ஏற்ற இறக்கம் எங்கே, வேகக் கட்டுப்பாடு எங்கே என்பதெல்லாம் பல பாதைகளில் ரேடியோவில் வந்து சேரும்.

சரி, ரயிலில் உள்ள கணினி இதை வைத்து என்ன செய்கிறது? நிற்க வேண்டிய இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. ஒரே அளவு பிரேக்குக்கு, வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இறக்கம் அதை இன்னும் நீட்டும். இவற்றைச் சேர்த்து, எந்த இடத்தில் எவ்வளவு வேகம்வரை போகலாம் என்று ஒரு வளைகோடு கிடைக்கும். ரயில் அதை மீறினால் வேகமானியின் முள் ஆரஞ்சு நிறமாகி எச்சரிக்கும். மேலும் மீறினால் சிவப்பாகும், கணினியே பிரேக்கைப் போட்டுவிடும்.

எச்சரிக்கையைவிட, ஓட்டுநர் முன்னால் உள்ள திரையின் வலப்பக்கம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வரப்போகும் சரிவுகளும் வேகக் கட்டுப்பாடுகளும் அங்கே முன்கூட்டியே தெரியும். 'குறை' என்று மட்டும் சொல்லும் கருவி ஓட்டுநரை உத்தரவுக்குக் காத்திருப்பவராக ஆக்கிவிடும். முன்னால் இருப்பதைக் காட்டினால் அவரே யோசித்து முடிவெடுப்பார். எங்கே மோட்டாரை நிறுத்தி ரயிலை உருளவிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்றும் பார்ப்பார்.

இந்தத் துணை இல்லாத இடத்தில் எல்லாப் பாரமும் மனிதக் கவனத்தின் மேல் விழுகிறது. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா அருகே 2013 ஜூலையில் ஒரு ரயில், மணிக்கு 80 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் சுமார் 180இல் நுழைந்து தடம் புரண்டது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். வளைவை நெருங்கும்போது ஓட்டுநர் ரயில் ஊழியர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வேகத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தைச் சோதித்து, மீறினால் ரயிலை நிறுத்தும் பலீஸ்களை விபத்துக்குப் பிறகுதான் பதித்தார்கள்.